துரியோதனன் நடுராத்திரியில் மாறுவது ஏன்?
பாரதக் கூத்து: சந்தேகங்களும் விளக்கங்களும்

சித்திரை பிறந்துவிட்டால் திருவள்ளூர் மாவட்டத்து டீக்கடைச் சுவர்களில் அக்னி வசந்த விழா நோட்டீஸ் ஏறிவிடும். கொடியேற்றம், பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, அன்றன்றைக்கு உபயதாரர் யார், கடைசியில் படுகளம், தீமிதி என்று மேலிருந்து கீழ்வரை பொடி எழுத்தில் அடித்திருப்பார்கள். திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டை வட்டாரங்களில் இது பல ஊர்களில் உண்டு. விழா நடக்கும் திரௌபதி அம்மன் கோயிலை அங்கே தர்மராஜா கோயில் என்றும் சொல்வார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் சிப்காட் வந்து, பிளாட்டுகள் முளைத்து, வெளியூர்க்காரர்கள் பெருகிய பிறகும் கூத்து நின்றுபோகவில்லை. ஷிப்ட் முடிந்து வரும் இளைஞர்களும் புதிதாகக் குடிவந்த குடும்பங்களும் கூட்டத்தின் ஓரத்தில் நின்று எட்டிப் பார்க்கிறார்கள். எட்டிப் பார்த்தவர்கள் கேட்கும் கேள்விகள் இவை.

பதினோரு மணிக்கு ஒருவர் துரியோதனனாக ஆடினார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் வேறொருவர் நிற்கிறார். ஆள் பற்றாக்குறையா, ஏமாற்று வேலையா?

இரண்டும் இல்லை. கூத்தை அமைத்திருப்பதே அப்படித்தான்.

இரவு பத்து, பத்தரைக்குத் தொடங்கி விடிகிறவரை போகிற ஆட்டம் இது. துரியோதனன் கட்டை வேஷம். தலையில் கிரீடம், தோளில் புஜக்கீர்த்தி, மார்பில் பதக்கம், இடுப்பைச் சுற்றி விரிந்து நிற்கும் பாவாடை, காலில் சலங்கை. கட்டைகளைக் கல்யாண முருங்கை போன்ற லேசான மரத்தில்தான் செதுக்குகிறார்கள். ஆனாலும் அதையெல்லாம் கட்டிக்கொண்டு கிறிக்கி சுற்றிவிட்டு, மூச்சு அடங்குவதற்குள் முகவீணைக்குச் சமமாகக் குரலை ஏற்றி விருத்தம் எடுக்க வேண்டும். பாட்டும் ஆட்டமும் வசனமும் ஒரே ஆள். சினிமாவில் போல பாடுகிறவர் வேறு, வாயசைக்கிறவர் வேறு என்பது இங்கே கிடையாது. பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கிப் பாடுகிற அந்தச் சில நொடிதான் ஓய்வு.

பங்குனியிலிருந்து ஆடிவரை கூத்துக் குழுக்களான ஜமாக்களுக்கு அடுத்தடுத்து ஆட்டம் இருக்கும். இன்று தொண்டை போனால் நாளைக்கு இன்னொரு ஊரில் வாங்கிய தாம்பூலத்துக்கு என்ன பதில் சொல்வது? அதனால் நீண்ட வேஷங்களை இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். முன்னிரவுக்கு வாலிப வயதுக்காரர். கதை சூடு பிடிக்கிற நேரத்துக்கு வாத்தியாரோ ஜமாவின் மூத்த வேஷக்காரரோ. கர்ணனும் திரௌபதியும்கூட இப்படி மாறுவதுண்டு. இதற்கு நேர்மாறான கணக்கும் இருக்கிறது. வேஷக்காரர்கள், பெட்டி, மிருதங்கம், முகவீணை, தாளம் எல்லாம் சேர்த்து ஒரு ஜமாவில் பதினைந்து பேர் அளவில்தான் இருப்பார்கள். பாரதத்து ஜனம் அதற்குள் அடங்காது. முன்னிரவில் தூதனாக ஓடி வந்தவரே விடியற்காலையில் திருதராட்டிரனாகத் தடவித் தடவி நடப்பார்.

இது நம் ஊரில் மட்டும் உள்ள வழக்கமல்ல. இத்தாலியில் வெரோனா நகரத்தில் ரோமானியர் காலத்துக் கல் வட்டரங்கு ஒன்று இருக்கிறது. 1913 ஆகஸ்ட் 10 அன்று வெர்டியின் 'ஐடா' ஒபராவை அங்கே திறந்தவெளியில் பாடினார்கள். அதிலிருந்து, போர்க்காலம் போன்ற இடைவெளிகள் தவிர, கோடைதோறும் அங்கே ஒபரா நடக்கிறது. ஆயிரக்கணக்கான பேர் கல் படிகளில் உட்கார்ந்து நள்ளிரவு தாண்டியும் கேட்கிறார்கள். அங்கும் ஒரே பாத்திரத்துக்கு இரண்டு மூன்று பாடகர்கள் உண்டு, தேதி மாற்றி மாற்றிப் பாடுவார்கள். காரணம் அதே தொண்டைதான். அங்கே நாளுக்கு நாள் ஆள் மாறுகிறார், இங்கே ராத்திரி பாதியிலேயே மாறிவிடுகிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆள் மாறினால் கதை பிடிபடாமல் போகாதா?

போகாது. திரையைக் கவனியுங்கள். ஆளுயரத் துணி ஒன்றை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். பின்னால் இருந்தபடியே வேஷக்காரர் பாடத் தொடங்குவார். மேலே கிரீடத்தின் நுனியும் கீழே சலங்கைக் கால்களும் மட்டும் தெரியும். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வெளியே நின்றுகொண்டு, இந்த வேளையில் இப்படி ஊரைக் கூட்டுவது யார் என்கிற தோரணையில் வாயைக் கிளறுவான். பாட்டு ஒவ்வோர் அடியாக ஏற, திரையும் ஒரு பக்கம் ஆடும், மறு பக்கம் ஆடும். கடைசியில் திரை விலகி ஆள் வெளியே வரும்போது தன் பெயர், நாடு, பரம்பரை, வந்த காரியம் எல்லாவற்றையும் தானே சொல்லிவிடுவான். இடையில் வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கட்டியக்காரன் அதையே கொச்சையில் இன்னொரு தடவை சொல்லுவான்.

போதாததற்கு முகப்பூச்சு இருக்கிறது. துரியோதனனுக்குச் சிவப்பு, கிருஷ்ணனுக்குப் பச்சை. பழகிய கண், நூறடி தூரத்திலிருந்து நிறத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடும்.

என் யோசனை ஒன்று: மாறுகிற நேரத்தில் டீக்கடைக்குப் போகாதீர்கள். ஒரே துரியோதனனை இரண்டு உடம்பில் அடுத்தடுத்துப் பார்க்கிற வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கும்? வாலிபத் துரியோதனன் பெஞ்சின் மேல் ஏறிக் குதிப்பான், சுற்றுவான், மீசையை முறுக்குவான். மூத்தவர் வந்ததும் அதே பெஞ்சில் ஒரு காலை மடித்து உட்கார்ந்துவிடுவார். ஆட்டம் பாதியாகக் குறைந்திருக்கும், கண் மட்டும் கூட்டத்தின் மேல் மெதுவாக ஓடும். இவனிடம்தான் பயம் வரும். எது சரியான துரியோதனன் என்று ஊரில் மறுநாள் சண்டை நடக்கும். அந்தச் சண்டையில் கலந்துகொள்ள இரண்டு பேரையும் பார்த்திருக்க வேண்டும்.

நோட்டீஸில் ஜமா பெயர் மட்டும்தான் இருக்கிறது. யார் எந்த வேஷம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வெரோனாவில் எந்தத் தேதியில் யார் பாடுகிறார் என்று முன்கூட்டியே அச்சிட்டுவிடுகிறார்கள். இங்கே அந்தப் பழக்கம் இல்லை. ஜமாவின் பெயரும் வாத்தியார் பெயரும் இருந்தால் பெரிது. ஆனால் ஒன்பது மணிக்கு வேஷம் கட்டுகிற இடத்துக்குப் போனால் எல்லாம் தெரிந்துவிடும். பஞ்சாயத்துப் பள்ளி வராந்தாவோ, கோயில் பக்கத்து ஓலைக் கொட்டகையோ, ஏதோ ஒன்று. ஆளுக்கொரு கைக்கண்ணாடியை முட்டியில் சாய்த்து வைத்துக்கொண்டு, தேங்காயெண்ணெயில் அரிதாரம் குழைத்து, வலது கன்னம் முடித்து இடது கன்னம் தொடங்கியிருப்பார்கள். பாதி முகம் பக்கத்து ஊர்க்காரர், பாதி முகம் பீமன். “பின்னாடி துரியோதனன் யாரு கட்டுறாங்க, வாத்தியாரே?” என்று மரியாதையாகக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். சலங்கை கட்டி, கட்டைக்குக் கற்பூரம் காட்டுகிற நேரத்தில் மட்டும் குறுக்கே போய்க் கேள்வி கேட்கக் கூடாது.

விழா முழுக்க ஒரே ஜமா ஆடுவதுதான் பழைய வழக்கம். கடைசி இரண்டு மூன்று ராத்திரிக்குப் பேர் பெற்ற வேறு ஜமாவை அழைக்கிற ஊர்களும் இருக்கின்றன. தாம்பூலம் மாற்றும்போதே, இன்னார் வந்து ஆடியாக வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் கறாராகப் பேசிவிடுவதும் உண்டு.

பத்து மணி என்று போட்டிருந்தது. பன்னிரண்டு வரை பாட்டும் கிண்டலுமாகப் போயிற்று. எப்போதுதான் கதை தொடங்கும்?

முன்னிரவு சிறுவர்களுக்கும் வீட்டுக்குப் போக வேண்டியவர்களுக்கும் உரியது. சாமி பாட்டு, கட்டியக்காரன் வருகை, கிண்டல், கதைக்கு முன்கதை. பன்னிரண்டு மணிக்குப் பாதிக் கூட்டம் எழுந்து போகும். அதற்குப் பிறகு உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் ஜமா மனசோடு ஆடும். ஒரு மணியிலிருந்து நாலு மணிவரைதான் சாரம். மூத்த வேஷக்காரர்கள் வெளியே வருவதும் அப்போதுதான். ஒன்பதுக்கே வந்து பன்னிரண்டுக்குத் தூங்கிப்போகிறவரைவிட, வீட்டில் ஒரு தூக்கம் போட்டுவிட்டுப் பன்னிரண்டுக்கு வருகிறவர் கெட்டிக்காரர்.

சிப்காட்டில் ஷிப்ட் வேலை. ராத்திரி முழுக்க உட்கார முடியாது. என்ன செய்வது?

பாரதம் ராத்திரியில் மட்டும் நடப்பதல்ல. பலருக்கு இது தெரியவில்லை.

பி ஷிப்ட்காரர்களுக்குக் கவலையே இல்லை. பத்து மணிக்கு கேட்டை விட்டு வெளியே வந்தால் நேரே களத்துக்கு. மறுநாள் மதியம் இரண்டு மணிக்குத்தானே வேலை. ஜெனரல் ஷிப்ட்காரர்கள் சனிக்கிழமை ராத்திரி என்ன கூத்து என்று நோட்டீஸில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏ ஷிப்ட் உள்ளவர்கள் விடியற்காலை எழுகிற பாவிகள். அவர்கள் யாரிடமாவது ஷிப்ட் மாற்றிக்கொள்வதைத் தவிர வழியில்லை.

சி ஷிப்ட்காரர்கள் ராத்திரிக் கூத்தை மறந்துவிடலாம். ஆனால் பகலில் அவர்களுக்குக் கிடைப்பது சாமானியமானதல்ல. மதியம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் பாரதப் பிரசங்கம். வில்லிபுத்தூரார் பாரதத்தின் நாலாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களில் அன்றைய பகுதியைப் பாடிப் பொருள் சொல்வார் பிரசங்கியார். பகாசுரன் வதத்தன்று பீமன் சோறு ஏற்றிய வண்டியோடு தெருத்தெருவாக வருவான். அர்ச்சுனன் தபசும் பெரும்பாலும் வெளிச்சத்திலேயே நடக்கும். நெட்டையான பனை மரத்தை வெட்டி நட்டு, படி அடித்து, உச்சியில் பரண் கட்டியிருப்பார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் படிக்கொரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவார். பாதுகாப்புக் கயிறு கிடையாது. மேலே போய், வில்வ இலையும் எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவார். பிள்ளை வரம் வேண்டி ஈரப் புடவையோடு கீழே காத்திருக்கும் பெண்கள் முந்தானையை விரித்து ஏந்திக்கொள்வார்கள். இந்த வேஷத்துக்கு மட்டும் பாதியில் ஆள் மாற முடியாது. ஏறினவரேதான் இறங்க வேண்டும்.

படுகளத்தன்று சி ஷிப்ட்காரர்களுக்கு அதிர்ஷ்டம். ஆறு மணிக்கு வேலை முடிந்து வந்தால் நேரே துரியோதனன் விழுகிற படுகளத்தைப் பார்க்கலாம்.

ஒரே ஒரு ராத்திரிதான் ஒதுக்க முடியும் என்றால் எதைப் பார்ப்பது?

ஊரில் கேட்டால் பத்துக்கு எட்டுப் பேர் கர்ண மோட்சம் என்பார்கள். புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் கதை அது. கர்ணனும் மனைவி பொன்னுருவியும் பேசிக்கொள்கிற இடத்தில் கல்லும் கரையும். நாடக ஆசிரியர் ந. முத்துசாமி தெருக்கூத்தின் பக்கம் திரும்பக் காரணமாக இருந்தது புரிசைக் கூத்துக்காரர்களின் ஆட்டம். நவீன நாடகக்காரர்கள் பலர் அதன் பிறகுதான் கூத்தைத் தேடிக் கிராமங்களுக்குப் போனார்கள். ஆனால் கர்ண மோட்சத்தைச் சாவு வீட்டுக் காரியத்துக்கும் வைப்பார்கள். வருஷத்தில் எப்போது வேண்டுமானாலும் அது கண்ணில் படலாம். துகிலுரிதல் பக்தியோடு பார்க்க வேண்டிய ராத்திரி. புடவையைத் தொடுவதற்கு முன்னால் துச்சாதனன் வேஷக்காரரே கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுக்கொள்வார், கதையை நிறுத்திவிட்டுச் சாமி பாட்டுப் பாடுவார்கள்.

என்னைக் கேட்டால் பதினெட்டாம் போர். காரணம், அன்று மட்டும்தான் ராத்திரிக் கூத்தே மேடையை விட்டு இறங்கி ஊருக்குள் வருகிறது. ராத்திரி முழுக்க ஆடிய துரியோதனன் பொழுது விடிந்ததும் களைத்த குரலோடும் அழிந்த அரிதாரத்தோடும் படுகளத்துக்கு ஓடி வருவான், பின்னால் கதாயுதத்தோடு பீமன். களத்தில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். பல ஊர்களில் அந்த உருவம் ஐம்பது அடியைத் தாண்டும். முந்தின நாளிலிருந்தே மண் குழைத்து, கண், மீசை, கிரீடம் எல்லாம் வைத்து, வண்ணம் தீட்டியிருப்பார்கள். அந்த மண் உடம்பைச் சுற்றியும் அதன் மேலேயும் இரண்டு பேரும் சண்டை போடுவார்கள். தொடையில் செந்நீர் ஒளித்துவைத்திருக்கிற இடம் பீமனுக்குத் தெரியும். அடி அங்கே விழும், சிவப்பு பொங்கும். திரௌபதி அதைத் தொட்டுக் கூந்தல் முடிவாள். இத்தனை நாளும் விரித்த கூந்தலாக இருந்தவள். பிறகு காந்தாரி முறமும் துடைப்பமுமாக வந்து ஒப்பாரி வைப்பாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கூட்டம் நிற்கும். எல்லாம் முடிந்ததும், அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துப் போய் வீட்டில் தானியத்தோடு போட்டு வைப்பவர்கள் உண்டு.

இரவு ஆடிய அதே இருவர்தான் காலையிலும் வருகிறார்களா என்று பாருங்கள். வேறு ஆள் வந்தால் தப்பில்லை. அதே ஆள் வந்தால், அந்தக் களைப்பு நடிப்பல்ல.

தமிழ் தெரியாத நண்பர்களை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. ஒடிசா, பீகார், வங்காளம், உத்தரப் பிரதேசத்திலிருந்து கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்கு வந்திருப்பவர்களுக்குத் திறந்தவெளி நாடகம் புதிதல்ல. ஒடிசாவின் பர்கட்டில் தனு யாத்திரை நடக்கும் நாட்களில் ஊரே மதுராபுரியாகிவிடும், கம்சன் யானை மேல் பவனி வருவான். கஞ்சம் மாவட்டத்தில் பிரகலாத நாடகம் உண்டு. காசிக்கு எதிர்க்கரையில் ராம்நகர் ராமலீலை ஒரு மாதம் நடக்கிறது, ஊர் விட்டு ஊர் போவதுபோல் காட்சிக்குக் காட்சி இடம் மாறிக்கொண்டே. பீமனையும் துரியோதனனையும் அவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கட்டியக்காரன் ஜோக்குகள் மட்டும் போய்ச் சேராது. அதில் பாதி அந்த ஊர்க்காரர்களைப் பற்றியது என்பதால் உங்களுக்கும் புரியாது.

எல்லை தாண்டினால் நகரி, புத்தூர், சித்தூர் பக்கமும் இதே பாரத உற்சவம்தான், பகலில் ஹரிகதையும் ராத்திரியில் நாடகமுமாக. தெலுங்கு பேசுகிற வீடுகள் நிறைந்த நம் எல்லைக் கிராமங்களில் கட்டியக்காரன் சட்டென்று தெலுங்குக்குத் தாவினால் ஆச்சரியப்பட வேண்டாம். கடல் தாண்டியும் திரௌபதி அம்மன் போயிருக்கிறாள். இலங்கையில் உடப்பு, பாண்டிருப்பு. சிங்கப்பூரில் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் தீமிதி.

நடுவில் மைக்கில் மொய் அறிவிக்கிறார்களே, அது கட்டாயமா?

இல்லை. பார்க்கக் காசு கிடையாது. ஜமாவுக்குச் சேர வேண்டியதை ஊரும் உபயதாரர்களும் கொடுத்துவிடுகிறார்கள். ஆட்டம் பிடித்துப்போனவர்கள் வேஷக்காரரின் உடையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள், கட்டியக்காரன் பெயரைச் சொல்வான். கலைஞர்களுக்கு அது உபரி வரும்படி. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அபிமன்னன் சக்கர வியூகத்துக்குள் சிக்கி நிற்கும்போது, 'நூறு ரூபாய் அன்பளித்தவர்' என்று சண்டையை நிறுத்தி ஒரு அறிவிப்பு தேவையா? திரை பிடிக்கிற நேரத்திலோ, வேஷம் மாறுகிற இடைவெளியிலோ கொடுங்கள். ஆட்டமும் கெடாது, உங்கள் பெயரும் எல்லோர் காதிலும் விழும்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்கலாமா? பக்கத்தில் குடியிருக்கிறோம், தூக்கம் கெடுகிறது.

2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை, கலை விழாக்களுக்கு நள்ளிரவு 12 வரை தளர்த்தி அனுமதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல். விழாக் குழு போலீஸ் நிலையத்தில் அனுமதி வாங்கியாக வேண்டும். உங்களுக்குத் தொந்தரவு என்றால் முதலில் விழாக் குழுவிடம் சொல்லிப் பாருங்கள். குழாய் ஸ்பீக்கரைத் தெருப் பக்கமிருந்து களத்துப் பக்கம் திருப்பினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இதில் நான் குடியிருப்போர் கட்சி. கூத்துக்காரர் குரல் மைக் வருவதற்கு முன்பே பிறந்தது. மைக் கம்பத்தை நடுவில் நட்ட பிறகு சுற்றி ஆட வேண்டிய துரியோதனன் அதன் முன்னால் கட்டிப்போட்டதுபோல் நின்று பாடுகிறான், முகவீணை கிறீச்சென்று காதை அறுக்கிறது. வெரோனாவில் அவ்வளவு பெரிய வட்டரங்கில் வெறும் தொண்டையால்தான் பாடி வந்தார்கள். ராம்நகரில் இன்றும் ஒலிபெருக்கி கிடையாது, கூட்டம் வாயை மூடிக்கொண்டு கேட்கிறது. மைக்கைக் குறைத்தால் கூத்துக்கு நஷ்டம் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

திரௌபதி ஆண் வேஷம்தானா? பெண்கள் ஆடுவதில்லையா?

பரம்பரை ஜமாக்களில் ஆண்கள்தான் பெண் வேஷம் கட்டி வந்தார்கள், இப்போதும் பெரும்பாலும் அப்படியே. காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் பி. ராஜகோபாலும் ஹன்னா டி புருயினும் 2002-ல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலம் பெண் பிள்ளைகளுக்கும் கூத்துக் கற்றுக்கொடுத்தது. அங்கே படித்த பெண்கள் திரௌபதியோடு நிற்கவில்லை, கட்டை வேஷமே கட்டினார்கள். சிவப்பு முகத்தோடு ஒரு பெண் துரியோதனன் கிறிக்கி சுற்றியதைப் பார்த்த பிறகு 'பெண்களால் முடியாது' என்பவர்களோடு பேச ஒன்றுமில்லை.

எல்லா சாதிக்காரர்களும் போய்ப் பார்க்கலாமா? நாங்கள் வெளியூர், கேட்கத் தயக்கமாக இருக்கிறது.

போகலாம், சட்டப்படி யாரும் தடுக்க முடியாது. 1947-லேயே ஆலய நுழைவுச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் உங்கள் தயக்கம் காரணமற்றதல்ல. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்களை விட மறுத்த தகராறில் 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். அது நடந்தது இந்த வட தமிழ்நாட்டில்தான், இதே அம்மன் கோயிலில்தான். கூத்து நடக்கும் களம் பெரும்பாலும் பொது வெளி என்பதால் அங்கே பார்வையாளரை யாரும் விசாரிப்பதில்லை. ஆட வருகிற ஜமாக்களில் பல சாதிக்காரர்களும் இருக்கிறார்கள்; தலித் கலைஞர்களின் ஜமாக்களும் பேர் பெற்றவை. அவர்களைக் கர்ணனாகவும் தர்மராஜாவாகவும் கும்பிட்டுவிட்டு, காலையில் கோயில் வாசலில் வேறு கணக்குப் பார்க்கிற ஊர் இருந்தால், அது சட்டத்துக்கும் அம்மனுக்கும் சேர்த்துச் செய்கிற குற்றம்.

எங்கே உட்காருவது? வீடியோ எடுக்கலாமா?

தரையில், பாய் விரித்து. நாற்காலி போட்டிருந்தால் ஓரத்துக்குப் போங்கள், பின்னால் இருப்பவர் சாபம் வாங்க வேண்டாம். வாத்தியக்காரர்களுக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்தால் திரை விலகுவது நேராகத் தெரியும். பனி இறங்கும், போர்வை அவசியம். வீடியோ எடுப்பதை ஜமாக்கள் பெரும்பாலும் தடுப்பதில்லை. ஆனால் முகத்துக்கு நேரே செல்போன் விளக்கைப் போட்டால் சுற்றுகிற ஆளுக்குக் கண் கூசித் தடுமாறும். சாமி வந்து நிற்கிறவர்களை நெருங்கிப் படம் பிடிக்க வேண்டாம். தீமிதிக் குண்டத்தருகே காப்புக் கட்டியவர்களுக்கும் தீயணைப்புக்காரர்களுக்கும் வழி விட்டு நில்லுங்கள். ஆசைக்கு இறங்கிப் பார்க்கும் இடமல்ல அது.

மழை வந்தால்?

வெரோனாவில் ஆட்டம் தொடங்கிய பிறகு மழை வந்து நின்றுபோனால் டிக்கெட் காசு திரும்ப வராது. இங்கே டிக்கெட்டே இல்லை. கோடை மழை பத்து நிமிஷம் அடித்துவிட்டுப் போகும். மிருதங்கத் தோல் நனையக் கூடாது என்பதால் முதலில் அதைத்தான் தார்ப்பாய்க்குள் தள்ளுவார்கள், அடுத்தது ஆர்மோனியப் பெட்டி. வேஷக்காரர்கள் பள்ளி வராந்தாவில் ஒதுங்கி நிற்பார்கள். மழை விட்டதும் விட்ட இடத்திலிருந்தே எடுப்பார்கள், எந்தப் பாட்டில் நின்றது என்பதைக் கட்டியக்காரன் ஞாபகம் வைத்திருப்பான். பெருமழை என்றால் கூத்து மறுநாளைக்குத் தள்ளிப்போகும், அதனால் நோட்டீஸில் உள்ள தேதிகளும் ஒரு நாள் நகரும். படுகளத்துக்கென்று லீவு சொல்லி வைத்திருப்பவர்கள் விழாக் குழுவில் ஒருவர் நம்பரை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.